யுவான் சுவாங் கண்ட காஞ்சி

சீன நாட்டுப் பௌத்தத் துறவியாகிய யுவான் சுவாங், கி. பி. 640 ஆம் ஆண்டளவில் பல்லவர் தலைநகராகிய காஞ்சியை அடைந்தனர். அந்நாள் அரசு புரிந்தவன் முதலாம் நரசிம்மவர்மன். அத்தலைநகரையுடைய திராவிட நாட்டில் 100க்கு மேற்பட்ட சங்காராமங்களும், 10,000 துறவிகளும், 80 அளவான தேவாலயங்களும் உளவென்றும், நிர்க்கிரந்தராகிய சமணர் மிக்கிருந்தனரென்றும் அவர் குறித்தனர். அந்நூற்றாண்டிலேயே கச்சி ஏகம்பத்தைப் பாடிய அப்பரடிகளைப் பற்றி அக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

இதுகொண்டு அக்காலத்துக் காஞ்சியிற் சைவம் குன்றியிருந்ததெனத் துணிதல் பொருந்தாது. அவர் நாடி வந்தவை புத்த நூல்களும் பள்ளிகளுமே. ஆகலின், தமிழ்ப் பதிகம் அவர் நாட்டத்துள் அடங்காமை வியப்பன்று. அவர் எண்ணிய பள்ளிகள் மறைந்தன. எழுதாது விட்ட பதிகங்களோ இன்றும் ஏகம்பத்தில் ஓதப்படுகின்றன. வழிச்செல்வோர் கண்டதைச் சான்றாகக் கொள்க. கூறாது விட்டதை இன்மைக்குச் சான்றாகக் கொள்ளற்க.