ஃபெராரி டேடோனா எஸ்பி3

ஃபெராரி டேடோனா எஸ்பி3 என்பது இத்தாலிய நிறுவனமான ஃபெராரி 2021ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய, குறைந்த எண்ணிக்கையில் மட்டும் தயாரிக்கப்பட்ட அதிவேகக் கார் ஆகும். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி முதல் மூன்று இடங்களையும் பிடித்ததன் நினைவாக இதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. வாடிக்கையாளர்களுக்காக 599 கார்கள் அறிவிக்கப்பட்டன.

பின்னணி

1960 முதல் 1965 வரை பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தைத் தொடர்ந்து ஆறு முறை ஃபெராரி கார்களே வென்றன. 1963இல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் ஃபெராரியை விலைக்கு வாங்க முயன்றது. பந்தயப் பிரிவின் மீதான அதிகாரத்தை விட்டுக்கொடுக்க நிறுவனர் என்சோ ஃபெராரி மறுத்ததால் பேச்சுவார்த்தை முறிந்தது. அதன் பின்னர் ஃபெராரியைப் பந்தயத் தடத்திலேயே தோற்கடிக்க ஃபோர்டு பெரும் பொருட்செலவில் இறங்கியது. 1966இல் டேடோனாவிலும் லெ மான்சிலும் முதல் மூன்று இடங்களை ஃபோர்டு கார்களே கைப்பற்றின.

1967 டேடோனா பந்தயம்

இதற்குப் பதிலடியாக, பொறியாளர் மவுரோ ஃபோர்கியேரியின் தலைமையில் 330 பி4 என்ற பந்தயக் கார் உருவாக்கப்பட்டது. நான்கு லிட்டர் கொள்ளளவும் 12 சிலிண்டர்களும் கொண்ட அதன் எஞ்சின் சுமார் 450 குதிரைத்திறன் தந்தது. பந்தயத்திற்கு முன்பே, 1966 டிசம்பரில், ஃபெராரி அணி டேடோனாவுக்குச் சென்று சோதனை ஓட்டங்களை நடத்தியது.

1967 பிப்ரவரி 4, 5 ஆகிய நாள்களில் பந்தயம் நடைபெற்றது. ஃபோர்டு கார்களின் கியர்பெட்டித் தண்டுகள் அடுத்தடுத்து உடைந்தன. அவற்றின் உலோகம் முறையாக வெப்பப் பதப்படுத்தப்படாததே இதற்குக் காரணம். லொரென்சோ பண்டீனியும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய 330 பி3/4 முதலிடம் பெற்றது. மைக் பார்க்ஸ், லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டி ஆகியோரின் 330 பி4 இரண்டாவதாகவும், பெட்ரோ ரோட்ரிகஸ், ஜான் கிஷே ஆகியோரின் 412 பி மூன்றாவதாகவும் வந்தன. இறுதிச் சுற்றில் மூன்று கார்களும் அணிவகுத்து எல்லைக்கோட்டைக் கடந்த காட்சி பந்தய வரலாற்றில் புகழ்பெற்றது. ஏமன் முந்தைய ஆண்டு ஃபோர்டு காரில் லெ மான்ஸ் பந்தயத்தை வென்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

வெற்றிக்குப் பின்

இம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மே 7 அன்று மொனாக்கோ பந்தயத்தில் பண்டீனியின் கார் விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. கடும் தீக்காயங்களுடன் மீட்கப்பட்ட அவர் மே 10 அன்று உயிரிழந்தார். ஜூன் மாதம் லெ மான்சில் ஃபோர்டு மீண்டும் வென்றது. ஃபெராரிக்கு இரண்டாம், மூன்றாம் இடங்களே கிடைத்தன. எனினும் அவ்வாண்டின் உலகப் பட்டத்தை ஃபெராரி கைப்பற்றியது. 1968 முதல் இவ்வகைக் கார்களின் எஞ்சின் கொள்ளளவு மூன்று லிட்டராகக் கட்டுப்படுத்தப்பட்டதால், ஒரே ஒரு பந்தயப் பருவத்துடன் பி4 அணியின் களத்தை விட்டு வெளியேறியது.

வடிவமைப்பு

ஃபெராரியின் பழைய கார்களை நினைவூட்டும் 'ஐகோனா' வரிசை 2018இல் மோன்சா எஸ்பி1, எஸ்பி2 ஆகியவற்றுடன் தொடங்கியது. அவ்வரிசையில் அடுத்ததாக, டேடோனா எஸ்பி3 2021 நவம்பரில் முஜெல்லோ பந்தயத் தடத்தில் வெளியிடப்பட்டது. ஃபிளாவியோ மன்சோனியின் தலைமையிலான குழு இதன் தோற்றத்தை வடிவமைத்தது. முன்சக்கர வளைவுகளின் மேல் அமைந்த பக்கக் கண்ணாடிகளும் சுற்றி வளைந்த முன்கண்ணாடியும் 1960களின் பந்தயக் கார்களை நினைவூட்டுகின்றன. பின்புறம் முழுவதும் கிடைமட்டப் பட்டைகள் அடுக்கப்பட்டுள்ளன. இருக்கைகள் கார்பன் இழைக் கூட்டுடன் இணைந்தவை என்பதால், ஓட்டுநரின் உயரத்திற்கேற்ப மிதிகளே நகர்த்தப்படுகின்றன.

இதில் மின்மோட்டார் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள 6.5 லிட்டர் வி12 எஞ்சின், டர்போவின் துணையின்றியே 840 குதிரைத்திறன் தருகிறது. இது நிமிடத்திற்கு 9,500 சுழற்சிகள் வரை செல்லக்கூடியது. கார் 2.85 நொடிகளில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும். நகரும் இறக்கைகள் எதுவுமின்றி, உடலமைப்பின் வழியே செல்லும் காற்றைக் கொண்டே கார் தரையோடு அழுத்தப்படுகிறது.

முக்கியத்துவம்

பி4 வெல்வதற்காகக் கட்டப்பட்டது. விதிகள் மாறியதும் அதன் பயன் முடிந்தது. டேடோனா எஸ்பி3 எந்தப் பந்தயத்திற்காகவும் கட்டப்படவில்லை. சுமார் 20 லட்சம் யூரோ விலையுள்ள இக்கார், நிறுவனம் தேர்ந்தெடுத்த சேகரிப்பாளர்களுக்கே கிடைத்தது. அறிவிக்கப்பட்ட 599 கார்களுக்கு மேலாகத் தயாரிக்கப்பட்ட ஒரு கார், 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டரேயில் 2.6 கோடி டாலருக்கு ஏலம் போனது. அத்தொகை ஃபெராரி அறக்கட்டளையின் கல்விப் பணிகளுக்காக ஒதுக்கப்பட்டது. போட்டியாளரின் மண்ணில் ஃபெராரி பெற்ற வெற்றி, அரை நூற்றாண்டுக்குப் பின் இவ்வாறு சேகரிப்புப் பொருளாக மறுபிறவி எடுத்தது.