தொலைவழி உளச்சிகிச்சையும் அதற்குரிய இணையத்தள அமைப்பும்

தூரத்திலிருந்தபடியே மனத்துயருக்குச் சிகிச்சை அளிப்பது இணையம் வந்த பின்னர் தோன்றிய புதுமை என்று எண்ணுவோர் பலர். ஆனால் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சிசில் விட்சன் என்னும் மனநல மருத்துவர் 1959ஆம் ஆண்டிலேயே இருவழித் தொலைக்காட்சியைக் கொண்டு குழுச் சிகிச்சை நடத்தினார். 1964இல் அவர் பணியாற்றிய மனநல நிலையத்துக்கும் 112 மைலுக்கு அப்பால் நார்ஃபோக் நகரிலிருந்த அரசாங்க மனநோய் மருத்துவமனைக்கும் நிரந்தரமான தொடர்பே ஏற்பட்டுவிட்டது. நம் நாட்டில், சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்னும் மனநல ஆராய்ச்சி ஸ்தாபனம் 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பி, அதனுள் அமர்ந்த நோயாளி திரையின் வழியே சென்னை மருத்துவரோடு பேசவும், அவர் குறித்த மருந்தை அவ்விடத்திலேயே பெற்றுச் செல்லவும் வழி செய்தது. இவ்விரு முயற்சிகளுக்கும் பொதுவான ஓர் அம்சம் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. துயருற்றவர் அமர்ந்து பேசிய இடம், மருத்துவமனையாயினும் பேருந்தாயினும், அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது, கதவு இருந்தது, கதவைக் காக்க ஓர் ஊழியர் இருந்தார். இன்று உளவியலாளருக்கென அமைக்கப்படும் இணையத்தளங்களோ, அந்த அறையை நீக்கிவிட்டுக் கைப்பேசியை மட்டும் துயருற்றவர் கையில் கொடுக்கின்றன. நீக்கப்பட்ட அறையின் காரியங்களையெல்லாம் ஏற்றுச் செய்யும் கடமை தளத்தைச் சார்ந்தது என்பதும், அக்கடமையை விடுத்துப் படக்காட்சியின் தெளிவிலும் முன்பதிவின் சௌகரியத்திலும் மட்டும் சிரத்தை காட்டுவது சிகிச்சைக்கே ஊறு விளைவிக்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இத்தகைய தளங்களின் அவசியத்தைப் பற்றி ஐயம் எழ இடமில்லை. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனக்கோளாறு உடையோரில் சிகிச்சை பெறாதோர் கோளாற்றின் வகைக்கேற்ப ஏறத்தாழ 70 முதல் 92 சதவிகிதம் வரை இருப்பதாகக் கண்டது. தொலைவழியின் அவசியத்தை அரசும் உணர்ந்தது: 2020 மார்ச் 25ஆம் நாள் மத்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. 2022 அக்டோபர் 10ஆம் நாள், பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைத் தலைமை நிலையமாகக் கொண்டு, 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் என்னும் மனநல உதவித் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. ஆனால் உதவி எண்ணுக்கு ஒருமுறை பேசுவது வேறு, ஒரே உளவியலாளரிடம் வாரந்தோறும் பல மாதங்கள் தொடர்ந்து பெறும் சிகிச்சை வேறு. முன்னதற்கு ஒரு தொலைபேசி போதும். பின்னதற்கு, அந்தத் தொடர்ச்சியைத் தாங்கும் இடம் ஒன்று வேண்டும்.

முதலில் வீட்டை நோக்குவோம். நம் நடுத்தர, ஏழைக் குடும்பங்களில் தனியறை என்பது எல்லோருக்கும் வாய்த்த ஒன்றன்று. கூடத்தில் தொலைக்காட்சி ஓடும். அடுக்களையில் மாமியார் இருப்பார். கைப்பேசி ஒன்றே இருந்து அதைக் கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி எடுப்பர். அவ்வீட்டு மருமகள் தன் துயரை ஓர் உளவியலாளரிடம் சொல்லத் துணிந்தாள் என்று கொள்வோம். தளத்தில் பதிவு செய்தவுடன் ஓடிபி எண், கணவன் பெயரிலுள்ள அந்த ஒரே கைப்பேசிக்கு வருகிறது. கட்டணம் செலுத்தியதும் சிகிச்சை நிலையத்தின் பெயரைத் தாங்கிய குறுஞ்செய்தி வங்கிக் கணக்கோடு இணைந்த கைப்பேசி எண்ணுக்கு வந்து சேர்கிறது. மறுநாள் காலை, "இன்று மாலை நான்கு மணிக்கு உங்கள் மனநல ஆலோசனை" என்னும் நினைவூட்டல், பூட்டிய திரையின் மேலேயே எல்லோரும் படிக்கும்படி ஒளிர்கிறது. சர்வரில் இருக்கும் தரவை எத்துணை வலிய மறைக்குறியாக்கத்தால் காத்தாலும் என்ன பயன்? அவளுடைய அந்தரங்கம் சிகிச்சை தொடங்குமுன்னரே வீட்டுக்குள் வெளிப்பட்டுவிட்டது.

ஆகையால் நினைவூட்டலின் வாசகத்தையும், அது வரும் நேரத்தையும், அது வரவே வேண்டுமா என்பதையும் துயருற்றவரே தீர்மானிக்க வேண்டும். ரசீதில் தோன்றும் பெயர் பொதுப்படையாக இருக்க வேண்டும். பேச்சின் நடுவே யாரேனும் உள்ளே வந்தால் ஒரே தொடுதலில் திரை சாதாரணமான வேறொரு பக்கமாக மாறி ஒலி அடங்க வேண்டும். அப்படி மாறியதை உளவியலாளரின் திரை உடனே உணர்த்த வேண்டும். அவ்வாறு உணர்த்தாவிடில் அவர் "என்ன ஆயிற்று? இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், மீண்டும் அழைக்கவும் முற்படுவார், மறைக்க முயன்ற செய்தி அவர் வாயாலேயே வெளிப்பட்டுவிடும். முதல் அமர்விலேயே, யாரேனும் வந்தால் சொல்வதற்கென்று ஒரு சாதாரண வாக்கியத்தை இருவரும் பேசி வைத்துக்கொள்வது அனுபவமுள்ள உளவியலாளர் கையாளும் முறை. தளம் அதற்கு இடங்கொடுத்து, அந்த வாக்கியத்தை உளவியலாளரின் கண்முன் நிறுத்தினாலே போதும்.

அடுத்து, மௌனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. ஏனெனில் தொழில்நுட்பமும் சிகிச்சையும் நேருக்கு நேர் முரண்படும் இடம் இதுவே. ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குவதற்கிடையேயுள்ள அவகாசம் சாதாரண உரையாடலில் ஒரு விநாடியின் ஐந்திலொரு பங்களவே. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் அடங்குவது நலம் என்று வரையறுத்தது; தாமதம் மிகுந்தால் இருவர் பேச்சும் மோதக்கூடும். உளச்சிகிச்சையிலோ அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று மௌனம் நீள்வதும், அம்மௌனத்திலேயே மிக முக்கியமான மாறுதல் நிகழ்வதும் உண்டு. எதிரே அமர்ந்திருக்கும் உளவியலாளர் அப்போது மூச்சின் ஏற்றத் தாழ்வைக் கேட்கிறார். விம்மல் தொண்டையில் அடைபடுவதைக் கேட்கிறார். ஆனால் இணையவழிப் பேச்சுக்கென அமைந்த மென்பொருள், பேச்சைத் தவிர்த்த ஒலிகளை இரைச்சலென்று மதித்து மட்டுப்படுத்தும் இயல்புடையது. மின்விசிறியின் ஓசையை அகற்றும் அதே வடிகட்டி பெருமூச்சையும் தேம்பலையும் அகற்றிவிடக்கூடும். தானே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மற்றோர் ஏற்பாடு, தழுதழுத்துத் தாழ்ந்த குரலையும் உரத்த குரலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். வியாபாரக் கூட்டங்களுக்கு இது உபகாரம். உளவியலாளருக்கோ, தொடர்பு அறுந்ததா, எதிரிலிருப்பவர் அழுகிறாரா என்பதே தெரியாத தவிப்பு. அத்தவிப்பில் அவர் வாய் திறந்துவிட்டால் அந்த மௌனம் கலைந்து போயிற்று.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. உலாவிகளில் இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், ஒலியளவுச் சமனாக்கம் ஆகிய மூன்றையும் தனித்தனியே நிறுத்த முடியும். ஹெட்போன் அணிந்தவருக்கு எதிரொலி நீக்கமே பெரும்பாலும் தேவைப்படாது. அந்த அதிகாரத்தை உளவியலாளர் கையில் கொடுத்து, இணைப்பு உயிரோடிருப்பதைக் காட்டும் சிறு குறி ஒன்றைத் திரையின் ஓரத்தில் எப்போதும் வைத்திருந்தால், மௌனத்தை மௌனமாகவே விட்டுவைக்க அவருக்கு இயலும். இணைப்பு நலிந்தால் முதலில் இழக்கத்தக்கது படம், கடைசிவரை காக்கத்தக்கது குரல் என்பதையும் தளத்தின் விதியாகவே எழுதிவிட வேண்டும் என்பது என் துணிபு.

இனி ஆபத்துக் காலத்தைக் கருதுவோம். 2001இல் வெளியான பிஎச்க்யூ-9 என்னும் வினாத்தாள் மனச்சோர்வை அளக்கப் பெருவழக்காய் வழங்குகிறது. ஒன்பது வினாக்கள், 27 வரை மதிப்பெண். அதன் ஒன்பதாம் வினா, இறந்துபோவதே மேல் என்றோ தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் எழுந்ததா என்று கேட்பது. தளங்கள் பல இவ்வினாத்தாளை எந்நேரமும் நிரப்பும்படி திறந்து வைத்து, விடைகளைக் கூட்டி வரைபடமாகக் காட்டுகின்றன. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் அவ்வினாவுக்கு "ஏறத்தாழ நாள்தோறும்" என்று விடையளித்தால், அவ்விடை 14 என்ற கூட்டுத்தொகைக்குள் புதைந்து, உளவியலாளர் கண்ணில் ஐந்து நாள் கழித்தே படலாம். கேட்பதற்கு யாருமில்லாத வேளையில் அத்தகைய வினாவைக் கேட்பது தர்மமாகாது. வினாத்தாளை அமர்வுக்குள்ளேயே நிரப்பச் செய்ய வேண்டும். அன்றேல் அந்த விடை விழுந்த கணத்திலேயே 14416ஐ அழைக்கும் பொத்தானைத் திரையில் நிறுத்திப் பொறுப்பாளர் ஒருவருக்குச் செய்தியும் அனுப்ப வேண்டும். ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் துயருற்றவர் அப்போது எவ்விடத்தில் இருக்கிறார் என்பதைக் கேட்டுக் குறிப்பதும், அவர் இசைந்த உறவினர் ஒருவரின் எண்ணை முன்னரே பெற்று வைப்பதும் இதைச் சேர்ந்த கடமைகளே. மருந்து எழுதும் உரிமை உளவியலாளருக்கு இல்லையாதலின், மனநல மருத்துவரிடம் அனுப்பும் வழியும் தளத்திலேயே அமைந்திருத்தல் வேண்டும்.

இனி, சிகிச்சைக் குறிப்புகளைத் தளத்தில் எழுதி வைப்பதன் அபாயத்துக்கு ஃபின்லாந்து நாட்டு வஸ்தாமோ என்னும் உளச்சிகிச்சை நிறுவனத்தைவிடக் கொடிய உதாரணம் கிடையாது. ஏறத்தாழ 33,000 பேருடைய சிகிச்சைக் குறிப்புகள் அங்கிருந்து திருடப்பட்டன. 2020 அக்டோபரில் நிறுவனத்தை மட்டுமின்றித் துயருற்றவர்களையே தனித்தனியாக மிரட்டிப் பணம் கேட்டான் திருடன். 2021இல் நிறுவனம் திவாலாயிற்று. திருட்டு நிகழாமலே துரோகம் நிகழக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் என்னும் இணையவழி உளச்சிகிச்சைத் தளம் சான்று: சிகிச்சை நாடி வந்தோர் தந்த தகவல்களை விளம்பரத்தின் பொருட்டு ஃபேஸ்புக் முதலிய நிறுவனங்களோடு பகிர்ந்ததாக எழுந்த குற்றச்சாட்டின் மேல், 2023இல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்தோடு 78 லட்சம் டாலருக்கு அது உடன்பாடு செய்துகொண்டது. நம் நாட்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, தன் 23, 24ஆம் பிரிவுகளில் இரகசியம் காக்கும் உரிமையை மின்னணுத் தகவலுக்கும் நீட்டியிருக்கிறது. ஆனால் சட்டம் தண்டிப்பது நிகழ்ந்த பிறகு. வெளியாகிவிட்ட வாக்குமூலத்தைத் திரும்பப் பெறும் சட்டம் எங்கும் இல்லை.

தரவு சேர்க்காமல் சிகிச்சையின் தரத்தை எங்ஙனம் அறிவது என்று ஆராய்ச்சியாளர் வினவுவர், வினா நியாயமானதே. அமர்வு நடந்த தேதி, மேற்கொண்ட முறை, ஆபத்து மதிப்பீடு, இசைவோடு பெற்ற மதிப்பெண்கள் ஆகியவை தரத்தை அறியப் போதும். அவை பதிவேட்டில் இருக்கட்டும். துயருற்றவர் சொன்ன சம்பவங்களும், அவற்றைப் பற்றி உளவியலாளர் தமக்கென எழுதிக்கொள்ளும் சிந்தனைகளும் வேறு வகை. அமெரிக்கச் சட்டம்கூட இவ்விரண்டாம் வகைக் குறிப்புகளைத் தனியே பிரித்துக் கூடுதல் காவல் அளித்திருக்கிறது. தளம் அவற்றை ஏற்கவே கூடாது. ஏற்றால், உளவியலாளரின் சாவியாலன்றித் திறக்கவொண்ணாதபடி வைக்க வேண்டும். அமர்வை ஒலிப்பதிவு செய்யும் வசதி தொடக்கத்தில் இல்லாதிருப்பதே உத்தமம்.

உளவியலாளரை நட்சத்திரக் குறிகளால் தரம் பிரிக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். கசப்பான உண்மையைப் பக்குவமாக எடுத்துக் காட்டிய அமர்வு அன்றைக்கு ஒரு நட்சத்திரம் பெறலாம். இதமாகப் பேசி அனுப்பிய அமர்வு ஐந்து பெறலாம். குறிகளுக்கு அஞ்சும் உளவியலாளர் நாளடைவில் இதத்தையே தொழிலாகக் கொள்ள நிர்ப்பந்திக்கப்படுவார். எந்நேரமும் செய்தி அனுப்பலாம் என்ற வாக்குறுதியையும் கைவிட வேண்டும்; அது அவர் சக்தியை உறிஞ்சுவது.

தமிழ்நாட்டில் உளவியல் துறைகளும் கணிப்பொறித் துறைகளும் பல பல்கலைக்கழகங்களில் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. அவை கூடி இத்தகைய தளம் ஒன்றை அமைக்க முன்வருமாயின், ஆய்வுக்கூடத்தின் அதிவேக இணைப்பில் அதைச் சோதித்து நிறைவு கொள்ளாமல், ஒரே அறையும் ஒரே கைப்பேசியும் உள்ள ஒரு வீட்டில், பிறர் நடமாடும் மாலை வேளையில், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவற்றை வேண்டிக்கொள்கிறேன்.