ஆடும் புலியும்: ஓர் ஆட்டத்தின் அமைப்பு

வத்தலக்குண்டு என்றதும் இலக்கிய அன்பர்களின் நினைவில் எழுபவர்கள் பி.ஆர். ராஜமய்யரும் பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும்தாம். அவர்களைப் பற்றி இக்குழுவில் பலமுறை பேசியாயிற்று. இம்முறை அவ்வட்டாரத்துக் கோயில் மண்டபங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் கரித்துண்டால் கீறப்பட்டு வந்த ஒரு கோட்டுப்படத்தைப் பற்றி எழுத விழைகிறோம். கணினி விளையாட்டுகளை வடிவமைப்பது இன்று தனியொரு படிப்பாகிவிட்டது. நல்ல ஆட்டம் என்பதற்கு இலக்கணம் உண்டா என்று மாணவர் ஒருவர் வகுப்பில் வினவியபோது நமக்கு முதலில் தோன்றியது ஆடுபுலி ஆட்டமே.

உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டில் முடியும். அவற்றைக் குறுக்கே மூன்று கோடுகள் வெட்டிச் செல்லும். அம்மூன்றின் முனைகளையும் இருபுறமும் ஒவ்வொரு கோடு இணைக்கும். உச்சியில் 1, குறுக்குக் கோடொன்றுக்கு ஆறாக 18, அடியில் 4, ஆக 23 புள்ளிகள். புலிகள் 3, ஆடுகள் 15. (ஊருக்கு ஊர் எண்ணிக்கையும் விதியும் சற்றே மாறும், எங்கள் ஊர் விதியே சரி என்ற சண்டையும் உடன் வரும்.) ஆடுகள் முறைக்கு ஒன்றாகக் களம் இறங்கும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரலாகாது. புலி அடுத்த புள்ளிக்கு நகரலாம். நேர்கோட்டில் அப்பால் இடம் வெறுமையாக இருந்தால் ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. மூன்று புலிகளையும் அசையவொட்டாமல் அடைத்துவிட்டால் அதற்கு வெற்றி.

இவ்வளவே விதி, இதற்குள் இருக்கும் நுட்பம் பெரிது. சதுரங்கத்தில் இரு படைகளும் ஒன்றுபோலிருப்பதால் நியாயம் தானே அமைந்துவிடுகிறது. இங்கோ ஒருவன் வேட்டையாடுகிறான், மற்றவன் வேட்டையாடப்படுகிறான். இச்சமமின்மையை ஈடுசெய்வது களத்தின் வெற்றிடம். புலியின் வலிமை வெற்றிடத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆடு இறங்கும்போதும் அவ்வலிமை குறைகிறது. ஓர் ஆடு வெட்டுண்டால் மீண்டும் இடம் திறக்கிறது. தொடக்கத்தில் அஞ்சி ஒதுங்கும் ஆட்டுக்காரனே, பிழையின்றி ஆடினால், இறுதியில் துரத்துபவனாகிறான். தாயம் போலப் பகடையின் தயவு இதில் இல்லை. தோற்றவன் விதியை நோவதற்கு வழியே கிடையாது!

1980-இல் ஜப்பானில் தோரு இவாதானி வடிவமைத்த பாக்-மேன் விளையாட்டும் இத்தகைய திருப்பத்தையே நம்பியது. நான்கு பேய்கள் துரத்த ஓடும் உருவம், குறிப்பிட்ட உருண்டையை விழுங்கியதும் சிறிது நேரம் பேய்களைத் துரத்தும். அங்கே திருப்பம் ஓர் உருண்டையில் வைக்கப்பட்டிருக்கிறது. நம் ஆட்டத்தில் அது ஆடுபவனின் பொறுமையில் இருக்கிறது. பின்னதே உயர்ந்தது என்பது நம் கட்சி.

இதன் நெருங்கிய உறவான நேபாளத்துப் பாக்-சாலில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். யெவ் ஜின் லிம், யூர்க் நீவர்கெல்ட் என்னும் ஆய்வாளர் இருவர் அதனைக் கணினியால் ஆராய்ந்து, இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் வெற்றிதோல்வியின்றி முடியும் என்று நிறுவினர். பெயர் தெரியாத யாரோ வகுத்த அளவு அத்துணைச் செம்மையாக அமைந்திருக்கிறது. அம்முடிவை நம் 23 புள்ளிக் களத்துக்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது, கணக்கு வேறு.

எவ்வளவு பழமையானது என்ற வினாவுக்கு நம்மவர் உடனே கீழடிக்கு ஓடுவர். அங்கே சுடுமண் வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன, பகடையும் கிடைத்தது. ஆனால் சில்லு எக்களத்தில் ஆடப்பட்டது என்று சில்லே சொல்லாது. மண்டபத் தளத்துக் கீறலும் அத்தகையதே. மண்டபம் கட்டிய காலத்ததோ, நேற்று மாடு மேய்த்தவன் கீறியதோ, யார் அறிவார்? வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில், நூலறிவின்றி அவையில் பேசுவதை அரங்கு வகுக்காமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறார். கட்டம் வகுத்த களத்தைத்தான் அரங்கு என்றனர். களம் முதலில், காய் பிறகு என்ற தெளிவு அன்றே இருந்தது என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துச் சிறுகோயில் ஒன்றில் திருப்பணி நடந்தது, பெயர் வேண்டா. மண்டபத் தளத்தில் ஓர் ஆடுபுலிக் களம் இருப்பதறிந்து சென்றபோது பாதித் தளத்தில் கிரானைட் பதித்தாயிற்று. கொத்தனாரிடம் முறையிட்டோம். சிறுவயதில் அவரும் அதே கல்லில் ஆடியவராம். "நான் என்ன சார் செய்ய, சொன்னதைச் செய்யறேன்" என்றார். உணவு வேளையில் மூன்று செங்கல் துண்டுகளைப் புலிகளாக்கிப் பதினைந்து ஜல்லிக் கற்களை நம்மிடம் தள்ளினார். ஐந்தாவது ஆடு வெட்டுண்டதும் தோல்வியை ஒப்புக்கொண்டோம். பிறகு தாளை விரித்துக் கரியால் தேய்த்து அக்களத்தைப் படியெடுத்தோம். அவர் தாளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான்கு மணிக்கு அந்த இடத்தில் கலவை கொட்டினார்கள்.