கரையைக் காத்தவர் யார்?

வறண்ட நிலத்துக்கும் வெள்ளத்துக்கும் தொடர்பில்லை என்பது பொதுவான எண்ணம். சிவகாசி வட்டாரத்தின் உலர்ந்த வானிலையே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உகந்ததாயிற்று என்று படித்திருக்கிறோம். ஆனால் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை காட்டும் திருத்தங்கல் வேறு. வார்த்திகனுக்கு இழைத்த தவற்றை உணர்ந்த பாண்டியன் அவனுக்கு அளித்த ஊர்களுள் ஒன்றான தங்கால், நீர்வளம் மிக்க கழனிகளை உடையதாகவே அங்குப் பேசப்படுகிறது. மழை குறைந்த நாட்டில் கழனியை உண்டாக்குவது கண்மாய். கண்மாய் உள்ள இடத்தில் உடைப்பு பற்றிய அச்சமும் உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களுக்குள் மழை கொட்டித் தீர்க்கும் இந்நிலத்தில், நீரைத் தேக்குவதும் வெள்ளத்தைத் தடுப்பதும் ஒரே பணியின் இரு முகங்கள். மேலூர்க் கண்மாய் மறுகால் பாய்ந்தால் அந்நீர் கீழூர்க் கண்மாயைச் சேரும். கலுங்கின் குத்துக்கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் கூடுதலாக நீர் தேங்கும். உரிய வேளையில் அடைப்பை எடுக்காவிட்டால் கரை உடையும். மேல்கரை உடைந்தால் கீழ்க்கரைகளும் தாங்கா. ஓர் ஊரின் அசட்டை பல ஊர்களின் அழிவாக முடியும்.

இந்தப் பொறுப்பை யார் சுமந்தார்கள்? முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலையால் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்த முறையை விவரிக்கின்றன. அதைப் பெருமையோடு எடுத்துக்காட்டும் நாம், நிலவுடைமையும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் அங்கே தகுதிகளாக வைக்கப்பட்டிருந்ததை மெல்லக் கடந்துவிடுகிறோம். தென்மாவட்டங்களில் நள்ளிரவிலும் நீரில் மூழ்கி மடை திறந்தவர்களோ, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மடைக்குடும்பர்களும் நீர்பாய்ச்சிகளும்தாம்.

ஆங்கிலேயர் இவ்வழக்கத்தைச் சட்டமாக்கினர். வெள்ளச் சேதத்தைத் தடுக்கக் கட்டாய உழைப்பைப் பெறுவதே 1858ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின் முதல் நோக்கம். குடிமராமத்து உழைப்பை வற்புறுத்துவது இரண்டாவது. கரை உடையும் நிலையில் உடல்வலுவுள்ள ஆடவரை வேலைக்கு அழைக்கலாம் என்ற அச்சட்டம், ‘உழைக்கும் வகுப்பினர்’ என்றொரு வரையறையையும் சேர்த்துக்கொண்டது. கரையால் காக்கப்பட்டவர் எல்லோரும்; மண் சுமக்க வேண்டியவர் சிலர் மட்டுமே. குடிமராமத்து தளர்ந்ததற்கு அரசின் தலையீட்டை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் இந்த நியாயமின்மையையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தமிழக அரசு 2017இல் குடிமராமத்தை மீட்டெடுத்தபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்றது. ஆயக்கட்டு உயிரோடிருக்கும் ஊருக்கு அது பொருந்தும். 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த திருத்தங்கல் போன்ற நகரில் ‘குடி’ என்பவர் யார்? ஆலைக்கும் அச்சகத்துக்கும் செல்பவருக்குக் கண்மாய் நீரால் நேரடிப் பயன் இல்லை. ஆனால் கரையின் கீழ் இன்று நிற்பது அவர்களுடைய வீடுதான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் பல உடைந்தன. அத்தகைய மழையை எந்த வாரியமும் முழுதாகத் தடுத்துவிட முடியாது. எனினும் ஐப்பசிக்கு முன்பே வரத்துக்காலையும் மறுகாலையும் நடந்து பார்ப்பதும், அடைப்பை எப்போது எடுப்பது எனக் கீழூரோடு பேசி வைப்பதும் இயலக்கூடியவையே. பழைய ஏற்பாட்டிலிருந்து நாம் பெறவேண்டியது இந்தக் கவனத்தை. விடவேண்டியது, சுமையை ஒருசிலர் தலையில் ஏற்றிய வழக்கத்தை.