மணல் மூடிய தேவாலயங்கள்

வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போறவை, மணலுக்குள்ள பாதி புதைஞ்சு கிடக்கிற பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் படம் எடுக்காமல் திரும்பமாட்டினம். மணல் வந்து மூடிட்டுது எண்டதோட கதை முடிஞ்சிடும். மணல் ஏன் நடக்கத் தொடங்குது எண்டு நாங்கள் கேட்பது குறைவு.

டென்மார்க்கின் வடமுனையில், ஸ்காகன் என்ற மீன்பிடி ஊரிலும் இப்படி ஒரு தேவாலயம் உண்டு. அங்க காரணம் ஓரளவு தெளிவு. கரையோர மணலைப் பிடிச்சு வச்சிருந்த புல்லைச் சனம் வெட்டியது, மாடுகளை மேயவிட்டது. வேர் போன மணலைக் காற்று ஊருக்குள்ள கொண்டுவந்தது. 1539 இலேயே அரசன் மூன்றாம் கிறிஸ்டியன் அந்தப் புல்லை அழிக்கத் தடை போட்டார். பெரிய பலன் இல்லை. ஏழைக் குடியானவனுக்குக் கூரைக்கும் மாட்டுக்கும் வேற புல் எங்க? 18ஆம் நூற்றாண்டில் வழிபாட்டுக்கு வந்த சனம் வாசலைத் தோண்டித்தான் உள்ளே போனது. 1795 இல் தேவாலயத்தைக் கைவிட்டார்கள். கடலோடிகளுக்கு அடையாளமாக விட்டுவைத்த கோபுரம் மட்டும் இப்பவும் நிற்குது.

19ஆம் நூற்றாண்டில் புல்லும் ஊசியிலை மரங்களும் நட்டு மணலைக் கட்டினார்கள். அதுக்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகுது. 1900 அளவில், ரோபியர்க் மிலே எண்ட ஒரு மணல்மேட்டை அரசே வாங்கி, அதன்பாட்டில் நகர விட்டுட்டுது. சுமார் 40 மீற்றர் உயரம். வருசத்துக்குக் கிட்டத்தட்ட 15 மீற்றர் வடகிழக்காக நகருது. ஒருநாள் ஸ்காகன் வீதிக்கும் வந்து சேரும் எண்டு தெரிஞ்சேதான் விட்டிருக்கினம். ஊர்ப்பக்கம் மணலைக் கட்டிவிட்டு, ஆளில்லாத பக்கம் அவிழ்த்துவிட்ட ஏற்பாடு இது.

எங்கட நாட்டில்? 2004 சுனாமியில் யால கரையோரம், கடல் நல்லாத் தெரியவேணும் எண்டு முன்னால இருந்த மணல்மேட்டை வெட்டிய ஒரு ஹோட்டல் அடியோடு அழிஞ்சது. மேடு வெட்டாத பக்கங்கள் பெரும்பாலும் தப்பின. ஆனால் 2005 இல் அரசு போட்ட கட்டுப்பாடு மேட்டைப் பார்க்கேல்ல. தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் எண்டு நாடா பிடிச்சு அளந்தது. மேட்டுக்குப் பின்னால இருக்கிற வீட்டுக்கும் வெறுங்கரையில இருக்கிற வீட்டுக்கும் ஒரே அளவு! வள்ளத்தையும் வலையையும் கரையில விட்டுட்டுக் கடற்றொழிலாளர் தூரப் போய் இருக்கேலுமோ? எதிர்ப்பு வந்தது, பிறகு அது தளர்ந்தது.

மணற்காட்டில சவுக்கு நட்டு மணலைக் கட்டியிருக்கினம். அதே வடமராட்சி கிழக்கில டிப்பர்கள் மணலை அள்ளிக்கொண்டும் போகுது. எந்த மேடு எந்தப் பக்கம் நகருது, அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் எத்தனை வீடு எண்டு அந்த ஊர்ச் சனத்திட்டக் கேட்டு ஒரு வரைபடம் போடுறது, கம்பஸில புவியியல் படிக்கிற எங்கட ஆக்களால ஏலாத வேலையில்லை.