முதற் கித்தார்: கருவியைத் தொடும் உரிமையின் வரலாறு

இசைக்கருவிகளின் வரலாறு ஓசையின் வரலாறு மாத்திரமன்று. எவர் எந்தக் கருவியைத் தொடலாம், எவர் தொடலாகாது என்று சமுதாயங்கள் காலந்தோறும் வகுத்த விதிகளும், அவ்விதிகளை உழைக்கும் மக்கள் மீறிய வரலாறும் அதனுள் அடங்கியுள்ளன. பெரகலச் சந்தியைச் சூழ்ந்த தோட்டங்களிலும், மேலே அப்புத்தளை தொடக்கம் கீழே கொஸ்லாந்தை வரையுள்ள லயங்களிலும் இன்று கித்தார் பயில விரும்பும் மாணவர் உளர். எதை வாங்குவது என்று ஆசிரியர்களாகிய நம்மையே அவர்கள் வினவுகின்றனர். கடைக்காரர் விடை கூற வேண்டிய வினாப் போலத் தோன்றினும், இது வரலாறு விடை கூற வேண்டிய வினாவாகும். கித்தாரின் ஒவ்வோர் உறுப்பும் எக்காரணத்தால் இன்றைய வடிவம் பெற்றது என்பதை அறிந்தோர் அதன் பளபளப்பில் ஏமாறார்.

நமது தோட்டங்களின் பழங்கருவி தப்பு. விடியுமுன் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பெரட்டுக்கு அழைத்தது அது. காமன் கூத்திலும் திருவிழாவிலும் மரண ஊர்வலத்திலும் முழங்கியதும் அதுவே. துரையின் ஆணைக்கும் மக்களின் ஆட்டத்துக்கும் ஒரே தோல் பயன்பட்டது. எனினும் அதை அடிக்கும் கடமை சில குடும்பங்களின் தலையிலேயே சாதியின் பெயரால் சுமத்தப்பட்டது. கேட்டு மகிழ்வோர் எல்லோரும், அடித்து இழிவுறுவோர் சிலர் என்ற நிலை கடல் கடந்தும் மாறவில்லை. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர், இழிந்தது என ஒதுக்கப்பட்ட இக்கலைச் செல்வத்தின் பெறுமதியைப் படித்தோருக்கு உணர்த்தினர்.

கருவியை வேலி போட்டு அடைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜேர்மனியின் சக்சனிப் பகுதியைச் சேர்ந்த மார்க்நொய்கிர்ஷன் என்னும் ஊரில், வயலின் செய்வோர் சங்கத்துக்கும் தளபாடத் தச்சர் சங்கத்துக்கும் பெரும் பிணக்கு எழுந்தது. கித்தார் செய்யும் உரிமை தமக்கே உண்டென வயலின் சங்கத்தார் வழக்காடினர். தாம் கலைஞர், தச்சரோ வெறும் மரவேலைக்காரர் என்பது அவர்தம் வாதத்தின் சாரம். அத்தச்சர் கூட்டத்தைச் சார்ந்தவரான கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் 1833 ஆம் ஆண்டில் ஊரை விட்டு நியூயோர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். அவர் தொடங்கிய பட்டறையே பின்னர் உலகப் புகழ் பெற்ற மார்ட்டின் கித்தார் நிறுவனமாயிற்று. சங்கத்தார் எழுப்பிய வேலிக்கு வெளியே சென்ற ஒரு தச்சனின் கைவினை, கித்தாரின் எதிர்காலத்தை அமைப்பதில் பெரும்பங்கு கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஸ்பானிய தேசத்து அல்மேரியாவில் 1817 இல் பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ் என்பவரும் தச்சரே. இன்றைய செவ்வியற் கித்தாரின் உருவத்தை நிலைநாட்டியவர் அவர். தந்தியின் அதிரும் நீளத்தை ஏறத்தாழ 650 மில்லிமீற்றராக அமைக்கும் வழக்கம் அவர்வழி வந்தது. 1862 ஆம் ஆண்டில் அவர் ஒரு விந்தையான பரிசோதனை செய்தார்: முகப்பலகையை நல்ல மரத்திலும், முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழிலும் அமைத்து ஒரு கித்தாரை உருவாக்கினார். கித்தாரின் ஓசைக்கு முதற்காரணம் அதன் முகப்பலகையே என்பதை நிறுவுதல் அவர் நோக்கம். பார்சலோனா நூதனசாலையில் இன்றும் அக்கருவி உள்ளது. பின்புறத்து விலையுயர்ந்த மரத்தையும் விளிம்பில் பதித்த முத்துச்சிப்பியையும் காட்டிப் பணம் பறிக்கும் வியாபாரத்துக்கு, 160 ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் உழைப்பாளி அளித்த மறுமொழி அது.

தந்தியின் கதையும் அறிதற்குரியது. நெடுங்காலம் கித்தாருக்கு ஆட்டுக்குடல் நரம்பே தந்தியாயிருந்தது. 1940களில் அல்பேர்ட் ஒகஸ்டின் என்னும் கருவிஞர், ஆந்திரேஸ் செகோவியா என்னும் மேதையின் ஊக்கத்தோடு, நைலான் தந்தியை உருவாக்கினார். அதற்கு முன்னரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் உருக்குத் தந்தி பரவிவிட்டது. சியர்ஸ் போன்ற அஞ்சல்வழி வியாபார நிலையங்களின் விலைப்பட்டியல்கள் குறைந்த விலைக் கித்தாரைக் கிராமங்களுக்குக் கொண்டு சேர்த்தன. பருத்தி வயல்களில் குத்தகைக்கு உழைத்த கறுப்பின மக்கள் அக்கருவிகளில் வளர்த்த இசை, உலக இசையின் போக்கையே மாற்றியது. மலிவான கருவி மட்டமான கலையைத்தான் தரும் என்ற கூற்றை வரலாறு இவ்விடத்தில் உடைத்தெறிகின்றது.

நமது நாட்டிலும் இக்கருவி மேல்தட்டாரின் கூடத்தில் மட்டும் வளரவில்லை. 1505 இல் வந்த போர்த்துக்கேயரின் இசைமரபு கபிரிஞ்ஞாவாகவும் பைலாவாகவும் கரையோர மக்களிடையே வேரூன்றியது. பெரகலையைக் கடந்து செல்லும் கொழும்பு நெடுஞ்சாலை மட்டக்களப்பில் முடிவுறுகின்றது. அந்நகரின் பறங்கியர் சமூகம் அம்மரபை இன்றும் போற்றுகின்றது. பைலாவைச் சிங்கள மக்களின் பாட்டாக்கிய வோலி பஸ்தியான்ஸ் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். 1960களில் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் வாயிலாகச் சிங்கள மெல்லிசைக்கு மின்கித்தாரின் ஓசையைப் புகுத்திய கிளாரன்ஸ் விஜேவர்தன (1943–1996) பிறந்ததோ நமது அப்புத்தளையில். அதே காலப்பகுதியில் நித்தி கனகரத்தினம் கித்தாரும் கையுமாகத் தமிழில் துள்ளிசைப் பாடல்களுக்கு வழிசமைத்தார்.

அப்புத்தளையின் ஒரே மூடுபனிக்குள் வளர்ந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அக்காலம் எவ்வாறிருந்தது? 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்தம் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. நாளை எந்த நாட்டில் அடுப்பு மூட்டுவது என்றறியாத வீட்டில், சுவரில் ஒரு கித்தார் தொங்கவில்லையே என்று வியப்பதற்கில்லை. திறமை இன்மையன்று, நிலைத்திருக்கும் உரிமை இன்மையே அம்மௌனத்தின் காரணம்.

கடலுக்கு அப்பால், நம்மவரையொத்த தேயிலைத் தொழிலாளரிடையே நிகழ்ந்த ஒன்றையும் இங்கு நினைவுகூரலாம். கேரளத்துத் தேவிகுளத்தில் 1958 இல் நடந்த இடைத்தேர்தலில், தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடையே கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடியவர் பாவலர் வரதராசன். அவர் பின்னே பாடித் திரிந்த தம்பியே பிற்காலத்தில் இளையராஜா எனப் புகழ் பெற்றார். திரையிசைக் குழுக்களில் கித்தார் வாசித்து உழைத்த பின்னரே, 1976 இல் 'அன்னக்கிளி' வழியாக அவர் இசையமைப்பாளராக அறிமுகமானார். தேயிலை மலையின் மேடைக்கும் மேனாட்டுக் கித்தாருக்கும் இடையே கடக்கவொண்ணாத பள்ளம் எதுவும் இல்லை என்பதற்கு இஃதொன்றே சான்று.

இனி, வினாவுக்கு வருவோம். கித்தாரின் உறுப்புகளுக்கு வீணையின் சொற்களே பொருந்தும்: கழுத்து தண்டி, அதன்மேல் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் மெட்டுகள், தந்தியைத் தாங்குவது குதிரை, முறுக்கிச் சுருதி சேர்ப்பது பிரடை.

முதற்கண், மின்கித்தாரை ஒதுக்கி வைக்கலாம். அதற்கு ஒலிபெருக்கியும் வேண்டும், செலவு இரட்டிக்கும். எஞ்சுவன நைலான் தந்திக் கித்தாரும் உருக்குத் தந்திக் கித்தாரும். உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து குதிரையை ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்கு ஒப்ப இழுக்கும். நைலானின் இழுப்பு அதிற் பாதியளவே. ஆகவே இளம் விரலுக்கு நைலான் இதமானது. பாட்டுக்குத் துணையாகத் தட்டி மீட்ட விழைவோர் உருக்கை நாடலாம். நைலானுக்கென அமைந்த கித்தாரில் உருக்குத் தந்தியை ஒருபோதும் பூட்டலாகாது, குதிரை பெயர்ந்துவிடும். உருக்கின் இழுப்பைத் தாங்கவே 1920களில் கிப்சன் நிறுவனம் தண்டியினுள் திருகி இறுக்கத்தக்க இரும்புக் கம்பியைப் புகுத்தியது என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாவதாக, தண்டியை ஒரு கண்ணால் அதன் நீளவாக்கில் நோக்குக. அது முறுகியிருந்தால் அக்கருவியை விட்டுவிடுக. பன்னிரண்டாம் மெட்டின்மேல் தடித்த தந்தி நிற்கும் உயரம் உருக்குக் கித்தாரில் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றரும் நைலானில் 4 மில்லிமீற்றரும் இருப்பின் நன்று. அதனினும் மிக உயர்ந்து நின்றால் விரல் புண்ணாகும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நீளத்தைச் சரிபாதியாக்குவது. ஆதலால் அங்கு அழுத்தி மீட்டும் ஒலி, வெறுந்தந்தியின் ஒலிக்கு மேல்தாயியில் பிசகின்றி ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், எத்துணை சுருதி சேர்த்தாலும் அக்கருவி அபசுரமே பேசும். ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டி, இரைச்சல் எழுகின்றதா என்று செவிமடுக்க. மெட்டுகளின் ஓரம் விரலைக் கீறலாகாது. பிரடைகள் வழுக்காமல் சுழலுதல் வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு முக்கால் அளவுக் கித்தார் போதும்.

மூன்றாவதாக, முகப்பலகை. ஒரே மரத்தால் ஆனது இனிய ஓசை தரும். ஒட்டுப்பலகையோ விலை குறைந்தது, ஈரத்துக்கும் வெயிலுக்கும் எளிதில் வெடிக்காதது. மூடுபனி வீட்டினுள்ளேயே புகும் பெரகல போன்ற இடங்களில் முதற் கித்தாருக்கு ஒட்டுப்பலகை இழுக்கன்று. லயத்து அடுப்பின் அருகிலோ நனைந்த சுவரிலோ அதை மாட்டாமல், உறையிலிட்டு உள்ளறையில் வைத்தல் நன்று. வைத்திருக்கும் பணம் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாது, மாற்றுத் தந்திக்கும் உறைக்கும் சிறிது ஒதுக்குக. பழைய கித்தாராயின், வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. சுருதி சேர்க்கக் கைத்தொலைபேசியிலேயே இலவசக் கருவிகள் உள்ளன.

இவற்றை இத்துணை விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. உயர்ந்து நிற்கும் தந்தியோடு மல்லாடி விரல் புண்ணாகிய மாணவி, குறை கருவியில் உள்ளது என்று எண்ணுவதில்லை. "எனக்கு இது வராது" என்றே எண்ணுகிறாள். இசையும் கல்வியும் உனக்குரியனவல்ல என்று பலகாலம் சொல்லப்பட்ட சமூகத்தின் பிள்ளைக்கு, மட்டமான ஒரு மரப்பெட்டி அப்பழைய பொய்யை மீண்டும் மெய்யெனக் காட்டிவிடுகின்றது. அதன்பின் அவள் இழப்பது ஒரு கித்தாரை மட்டுமன்று.

விலையோ எளிதன்று. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாய் என 2021 இல் நிர்ணயிக்கப்படுவதற்கே ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருள்களின் விலை தாறுமாறாக ஏறியது. ஒரு குடும்பம் தனித்துத் தாங்க இயலாத சுமையைப் பலர் கூடித் தாங்கலாம் என்பதைத் தொழிற்சங்கங்களைக் கட்டியெழுப்பிய நம் முன்னோர் காட்டிச் சென்றுள்ளனர். ஒவ்வொரு தோட்டப் பாடசாலையும், ஒவ்வோர் இளைஞர் மன்றமும், நன்றாய்ச் சோதித்து வாங்கிய இரண்டொரு கித்தார்களைப் பொதுவுடைமையாக வைத்து முறைவைத்துப் பயிற்றட்டும். அவற்றின் அருகே தப்பும் இடம்பெறட்டும். அதை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் எடுத்து அடிக்கட்டும். தந்தி தொடும் உரிமை கேட்கும் சமூகம், தோல் தொடும் இழிவைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டிருத்தல் தகாது.