எந்த வழியாக உள்ளே போவது?

மனிதர்களுக்கென்று அனுமதி பெற்ற உலகின் முதல் டி.என்.ஏ. தடுப்பூசி, கொரோனாவுக்கு எதிராக அகமதாபாத் ஸைடஸ் நிறுவனம் உருவாக்கிய ஸைகோவ்-டி. 2021 ஆகஸ்ட் 20 அன்று அவசர அனுமதி பெற்ற அந்தத் தடுப்பூசியின் கதைதான் இந்த வார அத்தியாயம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தேன். அது ஊசியே குத்தாமல் செலுத்தப்பட்டது. அந்த ஏற்பாடு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது விளங்க, முதலில் வேலூருக்குப் போக வேண்டும். தடுப்பு மருந்து பலிப்பதற்கு அதற்குள் இருக்கும் சரக்கு மட்டும் போதாது. அது எந்த வழியாகப் போய் உடலின் எந்த இடத்தில் சேர்கிறது என்பதும் பாதி வெற்றி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வுக்கூடம் இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே எண்ணிக் காட்டத் தொடங்கிவிட்டது. அதைக் காதில் வாங்க நாம் எடுத்துக்கொண்ட காலம்தான் வேதனை.

அந்த ஆய்வுக்கூடத்தின் டி. ஜேக்கப் ஜான் நமக்குப் புதியவர் அல்ல. 1986இல் சென்னையிலிருந்து வந்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றைக் கண்டது அவருடைய ஆய்வுக்கூடம். குழந்தை மருத்துவரும் வைரஸ் ஆய்வாளருமான அவர் அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு பெரிய வழக்கில் இறங்கியிருந்தார். போலியோ சொட்டு மருந்தை மூன்று தவணை கொடுத்தால் போதும் என்று உலகமே நம்பிய காலம் அது. வளமான குளிர்நாடுகளில் அது பொய்யும் இல்லை. ஆனால் மூன்று தவணை குடித்த வேலூர்க் குழந்தைகளில் கணிசமானவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகவில்லை என்று 1972இல் அவர் எழுதினார். குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு வைரஸ்கள் மருந்தைத் தடுக்கின்றன என்ற வழக்கமான விளக்கத்தையும் அந்த ஆய்வு ஏற்கவில்லை. ஐந்து தவணை கொடுத்துப் பார்த்து, தவணை கூடினால் பலனும் கூடுகிறது என்பதை 1976இல் வெளியிட்டார். பிறகு வேலூர் நகரக் குழந்தைகளுக்கெல்லாம் ஒரே சமயத்தில் சொட்டு மருந்து கொடுக்கும் முறையைச் செய்துகாட்டி, அதன் பலனை 1983இல் பதிவுசெய்தார். 1995இல் நாடெங்கும் தொடங்கிய 'பல்ஸ் போலியோ' நாட்களுக்கு முன்னோடி அதுதான். ஊர்கூடிச் சொட்டு மருந்து கொடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டாடும் நாம், அதன் வேர் பாலாற்றங்கரையில் இருப்பதைச் சொல்ல மறக்கிறோம்.

அவர் அத்தோடு நிற்கவில்லை. சொட்டு மருந்தின் பலவீனம் அது போகும் வழியில் இருக்கிறதென்றால், வழியை மாற்றிப் பார்ப்பதுதானே முறை? வீரியம் கூட்டிய செயலிழந்த போலியோ வைரஸை ஊசி வழியே இரண்டே தவணை கொடுத்தாலும் நம் குழந்தைகளிடம் நல்ல எதிர்ப்பாற்றல் உண்டாகிறது என்று அவர் குழு 1985இல் காட்டியது. அந்த ஊசிக்கு இந்தியாவில் உரிமம் கிடைத்தது 2006இல். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம் கிடைத்தது 2015இல். இந்த முப்பது ஆண்டுத் தாமதத்தை நிர்வாகச் சிக்கல் என்று கூறி விட்டுவிட என்னால் முடியாது. சொட்டு மருந்தின் உயிருள்ள வைரஸே அபூர்வமாகச் சில குழந்தைகளை முடக்கியது என்பது தெரிந்த பிறகும் தொடர்ந்த பிடிவாதம் அது. இந்த வரலாற்றில் வில்லன் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், அந்தப் பிடிவாதத்தைத்தான் காட்டுவேன்.

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு. சொட்டு மருந்து மலிவு, கொடுக்கப் பயிற்சி வேண்டாம், ஊசியால் ஆகாத குடல் எதிர்ப்பாற்றலை அது தரும் என்றார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ இல்லை. அந்த வெற்றி சொட்டு மருந்தால் வந்ததே. ஆனால் அதற்கு ஒரு குழந்தைக்கு எத்தனை எத்தனை தவணை தேவைப்பட்டது என்பதே வேலூர்க் கணக்கு சரி என்பதற்குச் சாட்சி. குடல் பற்றிய வாதத்துக்கும் வேலூரிலேயே பதில் கிடைத்தது. அதே சி.எம்.சி.யின் ஆய்வாளர் ககன்தீப் காங் குழு 2014இல் வெளியிட்ட சோதனையில், முன்பு சொட்டு மருந்து குடித்திருந்த 450 குழந்தைகளில் பாதிப்பேருக்கு ஒரே ஒரு ஊசி போட்டார்கள். பிறகு எல்லோருக்கும் சொட்டு மருந்து கொடுத்து மலத்தைச் சோதித்தபோது, ஊசி போடாதவர்களில் 26 சதவீதத்தினர் மூன்றாம் வகை வைரஸை வெளியேற்றினார்கள். ஊசி போட்டவர்களில் 8 சதவீதத்தினர்தான். வாய் வழியாகப் பழகிய குடலை, கைவழியே போன ஊசி மேலும் உறுதியாக்கியது. வழிகளை மாற்றி மாற்றிக் கையாள்வதில் இருக்கும் பலம் இது. 2016இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. தசையில் போடும் 0.5 மில்லிக்குப் பதிலாக, ஐந்தில் ஒரு பங்கான 0.1 மில்லியைத் தோலுக்குள் போட்டார்கள். இப்படி இரண்டு தவணை போட்டால், முழு அளவு ஊசி ஒன்றைவிடக் கூடுதல் பலன் கிடைத்தது.

தோலுக்கு ஏன் இந்தச் சிறப்பு? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஷாப்புகளில் சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து மயிரும் மேல்தோலும் கழன்றுவிடும். உள்பக்கச் சதையைச் சீவி எடுத்துவிடுவார்கள். நடுவில் மிஞ்சும் அடுக்குதான் ஷூவாகிறது. உயிருள்ள உடலில் அந்த நடு அடுக்கும் அதன் மேலிருக்கும் மெல்லிய அடுக்கும் காவல் அணுக்கள் செறிந்த இடம். அந்நியப் பொருளைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது அவற்றின் வேலை. தசையில் அவை குறைவு. டி.என்.ஏ. தடுப்பூசிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது உயிரணுவின் சவ்வைத் தாண்டி உட்கருவுக்குள்ளும் நுழைந்தால்தான் புரதம் உருவாகி, எதிர்ப்புப் பொருளும் டி அணுக்களும் எழும். 1990இல் எலியின் தசையில் பலித்த வித்தை மனிதத் தசையில் சோர்ந்துபோனது அதனால்தான். தங்கத் துகளில் டி.என்.ஏ.வைப் பூசித் தோலுக்குள் சுட்டபோது, சாதாரண ஊசிக்குத் தேவைப்பட்டதில் 250 முதல் 2,500 மடங்கு குறைந்த அளவே போதுமென்று 1993இல் கோழி, எலிச் சோதனைகள் காட்டின.

எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் தசையிலேயே வென்றனவே என்று கேட்கலாம். அவை உட்கருவுக்குள் போக வேண்டியதில்லை. தவிர, அவற்றைச் சுமந்து சென்ற கொழுப்புத் துளியும் ஒரு வழிதான். ஸைகோவ்-டி அந்தத் துளி இல்லாமல், அழுத்தத்தில் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரையால் தோலுக்குள் போனது. கொரோனாவின் டெல்டா வகை பரவிய நாட்களில் 66.6 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. மூன்று தவணையும், தவணைக்கு இரண்டு பீய்ச்சலும் அதற்குப் பாரமாயின. நாட்டில் பெரும்பாலோர் வேறு ஊசி போட்டுக்கொண்ட பிறகே அது வந்தது. அதனால் ஸைகோவ்-டி பின்தங்கியது. அது திறந்த வழி பின்தங்கவில்லை. அடுத்த கொள்ளைநோய் வரும்போது மருந்து தேடும் அதே வேகத்தில் வழியையும் தேட வேண்டும். அதை நம் குழந்தைகளின் உடலில், நம் ஊரிலேயே சோதித்துப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். அகமதாபாத் ஆய்வுக்கூடத்துக்குள் அடுத்த வாரம் நுழைவோம்.